காஃபீன் சேர்த்தால் பெரோவ்ஸ்கைட் மின்கலம் நீடிக்குமா? டெல்டா மாடி வீட்டுக்கான பதில்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பெரோவ்ஸ்கைட் என்னும் புதுவகைச் சூரிய மின்கலத்தில் காஃபீன் போன்ற வேதிப்பொருளைச் சிறிதளவு சேர்த்தால் செயல்திறனும் ஆயுளும் கூடுகின்றன என்று படித்தேன், அது மெய்தானா என்பது முதலாவது. மெய்யென்றால் வீட்டு மாடியில் சிலிக்கான் தகடு போடுவதை இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிவைக்கலாமா என்பது இரண்டாவது. கும்பகோணத்தில் வேதியியல் முதுகலை படிக்கும் தம் மகள், வேப்பிலைச் சாற்றையோ மஞ்சளையோ இந்தக் கலத்தில் சேர்த்துப் பார்ப்பதைத் திட்ட ஆய்வாக எடுக்க விரும்புகிறாள், எடுக்கலாமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: சேர்க்கைப் பொருள் எதைச் சரிசெய்கிறது, எதைச் சரிசெய்ய அதனால் முடியாது என்பது. நான் இவ்வகைக் கலங்களை ஆய்வகத்தில் செய்து, அளந்து, வேண்டுமென்றே கெடவிட்டுப் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். மாடியில் தகடு பொருத்தும் தொழில் எனக்குப் பழக்கமில்லை. ஆகவே முதலாவதற்கும் மூன்றாவதற்கும் சற்று விரிவாகவும், இரண்டாவதற்குக் கணக்கை மட்டும் வைத்தும் எழுதுகிறேன்.

சூரிய மின்கலத்தில் பயன்படும் பெரோவ்ஸ்கைட், ஈயமும் அயோடினும் சேர்ந்து கட்டும் படிகக் கூட்டுக்குள் மெத்தில் அம்மோனியம், ஃபார்மமிடினியம், சீசியம் ஆகிய நேர் அயனிகளில் ஒன்றோ பலவோ அமர்ந்திருக்கும் பொருள். 2009இல் ஜப்பானில் சுடோமு மியாசாகாவின் குழு இதை மின்கலத்தில் வைத்தபோது கிடைத்த செயல்திறன், அதாவது விழும் ஒளியில் மின்சாரமாகும் பங்கு, 3.8 சதவீதம், உள்ளே இருந்த திரவ மின்பகுளி அந்தப் பொருளையே கரைத்துவிட்டதால் கலம் நிலைக்கவில்லை. 2012இல் கொரியாவில் நாம்-கியூ பார்க்கின் குழுவும் ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஸ்னெய்த்தின் குழுவும் திரவத்தை நீக்கித் திண்மப் பொருளை வைத்ததும் செயல்திறன் 10 சதவீதத்தை ஒட்டி வந்தது. இன்று ஆய்வகச் சிறு கலங்களில் 26 சதவீதத்தைக் கடந்துவிட்டது. 1954இல் தொடங்கிய சிலிக்கான் மின்கலம் இதே உயரத்தை எட்ட அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெரோவ்ஸ்கைட்டின் இந்த வேகத்தில் சேர்க்கைப் பொருள்களுக்குக் கணிசமான பங்குண்டு, அதில் ஐயமில்லை.

ஏன் அப்படி என்பது செய்முறையைப் பார்த்தால் விளங்கும். சிலிக்கானை 1,414 டிகிரி செல்சியசில் உருக்கி மெதுவாகப் படிகமாக வளர்க்கிறார்கள். பெரோவ்ஸ்கைட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஈய அயோடைடையும் கரிம உப்பையும் டைமெத்தில் ஃபார்மமைடு போன்ற கரைப்பானில் கரைத்து, கண்ணாடியில் விட்டுச் சுழற்றி, 100 முதல் 150 டிகிரி வரையான சூட்டில் சில நிமிடங்கள் வைத்தால் அரை மைக்ரோமீட்டர் தடிமனில் கரும்படலம் உருவாகிவிடுகிறது. விலை குறையும் என்ற நம்பிக்கைக்கு இந்த எளிமையே காரணம். படலத்தில் குறைகள் பெருகுவதற்கும் இதுவே காரணம். அவசரமாக உருவான படலம் எண்ணற்ற சிறு படிகங்களின் கூட்டமாக இருக்கிறது. ஒரு படிகம் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையில் அயோடின் அணு இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடக்கும். பக்கத்து ஈய அயனி பிணைப்புக் கிடைக்காமல் நிற்கும். ஒளி எழுப்பிய எலக்ட்ரான் அங்கே சிக்கி வெப்பமாக வீணாகிறது, கலத்தின் மின்னழுத்தம் குறைகிறது. அதே காலியிடங்களின் வழியாகத்தான் அயோடைடு அயனிகள் இடம்பெயர்கின்றன, நீரும் ஆக்சிஜனும் உள்ளே வருகின்றன. வயலில் நீர் கசிவது பெரும்பாலும் வரப்பில் உள்ள நண்டு வளையால்தான் என்பது டெல்டாவில் எவருக்கும் தெரியும். இங்கே படிக எல்லைதான் வரப்பு, சேர்க்கைப் பொருள் வளையை அடைக்கும் களிமண்.

காஃபீன் செய்தி 2019இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலிருந்து வந்தது. காஃபீன் மூலக்கூறில் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த இரண்டு கார்போனைல் தொகுதிகள் உள்ளன. அவற்றின் ஆக்சிஜன் தன் எலக்ட்ரான் இணையை ஈய அயனிக்குக் கொடுத்து அதனோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் படிகம் வளரும் வேகம் மட்டுப்பட்டு, படிகங்கள் ஒரே திசை நோக்கி அடுக்கப்படுகின்றன. வளர்ந்த பின்னும் எல்லையில் தங்கி அயனி நகர்வைத் தடுக்கிறது. செயல்திறன் ஏறக்குறைய 17 சதவீதத்திலிருந்து 20ஐ ஒட்டி உயர்ந்தது. 85 டிகிரி வெப்பத்தில் 1,300 மணி நேரத்துக்கு மேல் வைத்த பிறகும் தொடக்கத் திறனில் 85 சதவீதத்துக்கு மேல் எஞ்சியிருந்தது. இவை நம்பத்தக்க அளவீடுகள். ஆனால் நாளிதழ்ச் செய்திகளில் வராத இரண்டு விவரங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த வெப்பச் சோதனை நைட்ரஜன் வாயுவுக்குள் நடந்தது, அதாவது ஈரப்பதம் துளியும் இல்லாத சூழலில். இன்னொன்று, அதே ஆண்டில் வேறு குழுக்கள் காஃபீன் இல்லாமலேயே 23 சதவீதத்தைத் தொட்டிருந்தன. சுமாரான கலத்தை நல்ல கலமாக்கிய பொருள், நல்ல கலத்தை மிக நல்ல கலமாக்கும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. கும்பகோணம் டிகிரி காபிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இந்த ஒரு மூலக்கூறோடு முடிந்துவிடுகிறது. டிகாக்ஷனை ஊற்றினால் அதிலுள்ள நீர் பட்டு, கரும்படலம் மஞ்சள் நிற ஈய அயோடைடாகப் பிரிந்துவிடும்.

சேர்க்கைப் பொருள்களை ஒரே கூட்டமாகப் பேசுவதுதான் குழப்பத்தின் தொடக்கம். அவற்றில் ஒரு சாரார் படிகம் வளரும்போது மட்டும் வேலை செய்துவிட்டு வெளியேற வேண்டியவர்கள். டைமெத்தில் சல்ஃபாக்சைடு அப்படிப்பட்டது. ஈய அயோடைடோடு தற்காலிகமாகச் சேர்ந்து ஓர் இடைநிலைப் பொருளை உண்டாக்கி, படிகமாதலைத் தாமதப்படுத்தி, சூடேறியதும் ஆவியாகிறது. 2014க்குப் பின் ஏறக்குறைய எல்லா ஆய்வகங்களும் இதைப் பயன்படுத்துகின்றன. ஆயினும் மேற்பரப்பு முதலில் இறுகிவிட்டால், அடியில் சிக்கிய திரவம் பின்னால் வெளியேறும்போது கண்ணாடியை ஒட்டிய பகுதியில் வெற்றிடங்கள் உண்டாகின்றன. அங்கிருந்தே படலம் சிதையத் தொடங்குகிறது. 2021இல் அமெரிக்காவின் வட கரோலினாக் குழு அந்தத் திரவத்தில் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கார்போஹைட்ரசைடு என்னும் திண்மப் பொருளை வைத்து இந்த வெற்றிடங்களைக் குறைத்துக் காட்டியது. மெத்தில் அம்மோனியம் குளோரைடும் இந்தச் சாரைச் சேர்ந்ததே. ஃபார்மமிடினியம் வகைப் பெரோவ்ஸ்கைட் ஏறத்தாழ 150 டிகிரிக்கு மேல்தான் கருநிற வடிவில் இயல்பாக நிற்கும். அறை வெப்பநிலையில் ஒளியை மின்சாரமாக்கப் பயன்படாத மஞ்சள் வடிவுக்குத் திரும்பப் பார்க்கும். இந்தக் குளோரைடு கருநிற வடிவத்தை எளிதில் அமையச் செய்து, பெரிய படிகங்களை வளர்த்துவிட்டு, பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடுகிறது. போகாமல் எஞ்சும் மெத்தில் அம்மோனியம்தான் பிற்காலத்தில் வெப்பத்துக்கு முதலில் இரையாவது. இந்தக் கரைசலைக் குப்பியில் நாட்கணக்கில் வைத்திருந்தால் மெத்தில் அமீன் ஃபார்மமிடினியத்தோடு வினைபுரிந்து வேறொரு பொருளாகிவிடுகிறது; திங்கட்கிழமை கலக்கிய கரைசலில் வெள்ளிக்கிழமை செய்த கலம் ஏன் மோசமாக வந்தது என்று ஆய்வு மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாம் சாரார் உள்ளேயே தங்கிக் குறைகளை அடைப்பவர்கள். 2018இல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த பொட்டாசியம் அயோடைடு ஆய்வு இதற்குத் தெளிவான சான்று: அயோடைடு காலியிடங்களை நிரப்புகிறது, பொட்டாசியம் எல்லைகளில் தங்கி மிகையான ஹாலைடுகளை, அதாவது அயோடைடு போன்ற எதிர் அயனிகளைப் பிடித்துவைத்து அவற்றின் நகர்வைக் குறைக்கிறது. 2021இல் கொரிய, சுவிஸ் குழுக்கள் ஃபார்மேட் அயனியைச் சேர்த்து 25.6 சதவீதம் வரை சென்றன. அயோடைடு இல்லாத இடத்தில் ஃபார்மேட் பொருந்தி அமர்கிறது என்பது அவர்களின் விளக்கம். 2019இல் சீன அறிவியல் கழகத்தின் குழு ஃபீனெதில் அம்மோனியம் அயோடைடைப் படலத்தின் மேல் மெல்லப் பூசி, 23.32 சதவீதத்துக்குச் சான்று பெற்றது. ஈய அயோடைடையே சற்றுக் கூடுதலாக விடுவது இவற்றுக்கெல்லாம் முந்தைய உத்தி. எல்லைகளை மூடிச் செயல்திறனைக் கூட்டும் என்பதால் நெடுங்காலம் பலர் இதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள். ஆனால் அந்த உபரி ஈய அயோடைடு ஒளி பட்டால் ஈயமாகவும் அயோடினாகவும் பிரிகிறது. பிரிந்த அயோடின் அடுத்த படிகத்தை அரிக்கிறது. முதல் நாள் அளவீட்டில் நன்மை செய்வது, நூறாவது நாளில் கெடுதல் செய்கிறது.

இந்த முரணுக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று லித்தியம் உப்பு. கலத்தில் பெரோவ்ஸ்கைட்டுக்கு மேலே, நேர்மின் ஏற்றத்தை மட்டும் கடத்திச் செல்ல ஸ்பைரோ-ஓமீடாட் என்னும் கரிமப் பொருளைப் பூசுவது வழக்கம். தனியாக அது நன்றாகக் கடத்தாது. ஆகவே ஒரு லித்தியம் உப்பையும் டெர்ட்-பியூட்டைல் பிரிடின் என்னும் திரவத்தையும் அதில் சேர்ப்பார்கள். சேர்த்தால் கடத்துதிறன் பன்மடங்கு ஏறுகிறது. சாதனை எண்கள் பலவற்றுக்குப் பின்னால் இந்த இணைதான் இருந்தது. அந்த லித்தியம் உப்போ காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. நீர் பட்டால் சிதையும் பொருளின் தலைமேல் நீரை இழுக்கும் உப்பை நாமே வைத்து அனுப்புகிறோம். பிரிடின் திரவம் 85 டிகிரிச் சூட்டில் மெல்ல ஆவியாகிறது, ஈய அயோடைடோடு வினையும் புரிகிறது. சேர்க்கைப் பொருள் செயல்திறனையும் நிலைப்பையும் ஒருசேர உயர்த்தும் என்ற பொது நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது. எந்தப் பொருளைப் பற்றிப் படித்தாலும், அது எந்தச் சிதைவை நிறுத்துகிறது, சூடேற்றிய பின் அது எங்கே இருக்கிறது, வேறு எந்தச் சிதைவைத் தொடங்கிவைக்கிறது என்ற மூன்றையும் கேட்டுவிட வேண்டும். கட்டுரையில் இந்த மூன்றுக்கும் விடை இல்லையென்றால், செயல்திறன் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதை ஒதுக்கிவைத்துவிடுவேன்.

நிலைப்பையே குறியாக வைத்து வந்த நல்ல ஆய்வுகளும் உண்டு. 2019இல் ஸ்வீடனின் லின்ஷாப்பிங்கும் ஆக்ஸ்ஃபோர்டும் இணைந்த குழு அயனித் திரவம் ஒன்றை, அதாவது அயனிகளாலேயே ஆன திரவ உப்பு ஒன்றைச் சேர்த்தது. 70 முதல் 75 டிகிரி வெப்பத்தில், முழு வெயிலுக்குச் சமமான ஒளியில், 1,800 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வைத்தும் இழப்பு 5 சதவீத அளவிலேயே நின்றது. அதே ஆண்டில் பீக்கிங் பல்கலைக்கழகக் குழு யூரோப்பியம் அயனிகளைச் சேர்த்தது. இதன் வேதியியல் எனக்கு மிகவும் பிடித்தது. சிதையும் பெரோவ்ஸ்கைட்டில் ஈய அயனி எலக்ட்ரானைப் பெற்று உலோக ஈயமாகிறது. அயோடைடு எலக்ட்ரானை இழந்து அயோடினாகிறது. மூன்று நேர் ஏற்றம் கொண்ட யூரோப்பியம் உலோக ஈயத்திடமிருந்து எலக்ட்ரானை வாங்கித் தான் இரண்டு ஏற்றத்துக்கு இறங்கி, அதே எலக்ட்ரானை அயோடினிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. தான் செலவாகாமல் இரண்டு சிதைவுகளையும் ஒரே சுற்றில் திருப்புகிறது. 1,500 மணி நேரம் தொடர் ஒளியில் வைத்த கலத்தில் 92 சதவீதத் திறனும், 85 டிகிரியில் அதே நேரம் வைத்த கலத்தில் 89 சதவீதத் திறனும் எஞ்சின.

இந்த மணிக்கணக்கை நம்மூர் ஆண்டுக்கணக்காக மாற்றிப் பார்ப்பது நல்லது. தஞ்சை வட்டாரத்தில் ஒரு நாளில் விழும் மொத்த ஒளி, ஏறத்தாழ ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமம். அப்படியானால் 1,800 மணி நேரம் என்பது ஓராண்டு வெயில். 25 ஆண்டு நிற்கும் என்று உறுதியளிக்க வேண்டுமானால் 45,000 மணி நேரத்துக்கு மேல் பேச வேண்டும். வெப்பத்தைக் கூட்டிச் சிதைவை விரைவுபடுத்தி, அதிலிருந்து நீண்ட கால ஆயுளைக் கணக்கிடும் முறை உண்டுதான்; ஆனால் பெரோவ்ஸ்கைட்டில் 85 டிகிரியில் நடக்கும் சிதைவும் 45 டிகிரியில் நடக்கும் சிதைவும் ஒரே வகையானவை என்பது எல்லாக் கலவைகளுக்கும் நிறுவப்படவில்லை. தொடர் ஒளியில் அளப்பதும் பகல்-இரவு மாறிமாறி வருவதும் ஒன்றல்ல. சில கலங்கள் இரவில் ஓரளவு மீண்டுகொள்கின்றன, சில இரவு-பகல் சுழற்சியில்தான் விரைந்து கெடுகின்றன. இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே 2020இல் துறையினர் கூடி, இருட்டில் வைத்தது, ஒளியில் வைத்தது, வெளியில் வைத்தது, சுழற்சியில் வைத்தது என்று சோதனைகளைப் பிரித்துப் பதியும் ஐசாஸ் (ISOS) என்னும் சோதனை நெறிமுறைகளைப் பெரோவ்ஸ்கைட்டுக்கு ஏற்ப வகுத்தார்கள். ஒரு கட்டுரை "ஆயிரம் மணி நேரம் நிலைத்தது" என்றால், இவற்றுள் எந்தச் சோதனையில் என்று தேடுங்கள். நைட்ரஜன் பெட்டிக்குள் இருட்டில் வைத்த ஆயிரம் மணி நேரம் ஏறக்குறைய 42 நாள் அலமாரியில் வைத்ததற்கு மேல் எதையும் சொல்லாது. கலத்தின் பரப்பையும் பாருங்கள். சாதனை எண்களில் பல ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவான கலங்களில் வந்தவை.

டெல்டாவுக்கு வருவோம். கத்திரி வெயிலில் மாடித் தகட்டின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக் காற்றில் ஈரம் நாள்கணக்கில் இறங்குவதே இல்லை. நாகை, வேதாரண்யம் பக்கம் போனால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. வணிகத் தகடுகளுக்கான பன்னாட்டுத் தரச் சோதனை 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் வைத்துப் பார்க்கச் சொல்கிறது; நம் ஊருக்கு அதுவே குறைந்தபட்சத் தேர்வு. இதில் வெல்வது பெரும்பாலும் உறையின் தரத்தால்தான். சேர்க்கைப் பொருள் உள்ளே வந்த நீரின் வேலையைத் தாமதப்படுத்தும். நீர் வராமல் தடுப்பது இருபுறக் கண்ணாடியும் விளிம்பில் வைக்கும் பியூட்டைல் ரப்பர் அடைப்பும். சிலிக்கான் தகடுகளில் கண்ணாடியை ஒட்டப் பயன்படும் எத்திலீன் வினைல் அசிடேட் படலம் காலப்போக்கில் அசிடிக் அமிலத்தை விடுவிக்கும் என்பதால், பெரோவ்ஸ்கைட்டுக்குப் பாலியோலிஃபின் வகைப் படலமே ஏற்றது என்று பலர் மாறிவிட்டார்கள்.

தென்னந்தோப்புக்கு நடுவே வீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று நிழல். தகட்டில் கலங்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒரு மட்டையின் நிழல் ஒரு கலத்தின்மேல் விழுந்தால் மற்றவை சேர்ந்து அதன்மேல் எதிர்த்திசையில் மின்னழுத்தத்தைச் செலுத்துகின்றன. சிலிக்கான் கலம் இதை ஓரளவு தாங்கும்; நிழல் விழுந்த பகுதியைத் தவிர்த்து மின்னோட்டத்தை வேறு வழியில் விடும் பைபாஸ் டையோடு துணையும் அதற்கு உண்டு. பெரோவ்ஸ்கைட் கலம் சில வோல்ட் எதிரழுத்தத்திலேயே நிரந்தரமாகக் கெட்டுவிடக்கூடியது. இதைச் சேர்க்கைப் பொருள் கொண்டு மட்டும் தீர்த்ததாக நான் ஏற்கத்தக்க சான்று எதுவும் பார்த்ததில்லை. மின்முனையையும் இடையடுக்குகளையும் மாற்றியமைக்கும் வழிகளே இதுவரை பலன் தந்துள்ளன.

ஈயத்தைப் பற்றி நண்பர் கேட்கவில்லை, ஆனால் நஞ்சை நிலத்துக்கு நடுவே இருப்பவருக்குச் சொல்லாமல் விட முடியாது. அரை மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிராம் ஈயம் வரும். 15 சதுர மீட்டர் மாடித் தகட்டுக்குச் சுமார் 10 கிராம். சிலிக்கான் தகட்டின் பற்றவைப்பிலும் சில கிராம் ஈயம் உண்டு, ஆனால் அது உலோகக் கலவையாக இருப்பதால் எளிதில் கரையாது. ஈய அயோடைடோ நீரில் லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் கரையும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் கரையைக் கடந்தபோது தோப்புகள் சாய்ந்ததை நினைத்தால், தகடு உடைந்து மழை நீர் உள்ளே போகும் நிலை இங்கே கற்பனையல்ல. இங்கும் சேர்க்கைப் பொருள் ஒரு வேலை செய்கிறது: ஈயத்தைப் பிடித்துவைக்கும் பாஸ்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் கொண்ட படலங்களைக் கலத்தின் இருபுறமும் வைத்து, உடைந்த கலத்திலிருந்து கசியும் ஈயத்தில் 96 சதவீதத்துக்கு மேல் தடுத்ததாக 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். செயல்திறனைக் கூட்டாத இத்தகைய பொருள்களுக்குச் செய்தித்தாளில் இடம் கிடைப்பதில்லை. வயல்காரருக்கு இவைதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

தள்ளிப்போடலாமா என்றால், வேண்டாம். இன்று வணிகத்துக்கு வரத் தொடங்கியிருப்பது தனிப் பெரோவ்ஸ்கைட்டைக் காட்டிலும், சிலிக்கானுக்கு மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கிய இரட்டை அடுக்குக் கலங்கள். மேல் அடுக்கு நீல, பச்சை ஒளியை எடுத்துக்கொள்ள, கீழே உள்ள சிலிக்கான் சிவப்பையும் அகச்சிவப்பையும் எடுத்துக்கொள்கிறது. சீனாவின் லோங்கி நிறுவனம் 2024இல் இவ்வகைச் சிறு கலத்தில் 34.6 சதவீதத்தை எட்டியது. அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் 24.5 சதவீதத் திறனுள்ள முழு அளவுத் தகடுகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. கலத்துக்கும் தகட்டுக்கும் உள்ள இந்த இடைவெளியைக் கவனியுங்கள். வெளியில் 25 ஆண்டு நின்ற பெரோவ்ஸ்கைட் தகடு உலகில் எங்கும் கிடையாது, ஏனென்றால் இந்தத் துறைக்கே அவ்வளவு வயதாகவில்லை. சிலிக்கான் தகட்டுக்கோ 25 ஆண்டு கழித்தும் 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரம் தரும் என்று உற்பத்தியாளர் எழுதிக் கொடுக்கிறார். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் கட்டும் மின்கட்டணம் திரும்பி வராது. தென்னை நிழல் விழாத இடமாகப் பார்த்துச் சிலிக்கானைப் போடுங்கள்.

மகளின் ஆய்வுக்கு வருகிறேன். வேப்பிலைச் சாறு வேண்டாம் என்பேன். அதில் நீரும் சர்க்கரையும் பல வகைக் கரிமப் பொருள்களும் கலந்திருக்கின்றன. பலன் வந்தாலும் எது தந்தது என்று சொல்ல இயலாது, வராவிட்டாலும் எது கெடுத்தது என்று சொல்ல இயலாது. பறித்த மரமும் பருவமும் மாறினால் முடிவும் மாறும். மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த தூய குர்குமின் என்றால் பொருள் உண்டு. அதில் ஈயத்தைப் பற்றக்கூடிய ஆக்சிஜன் தொகுதிகள் இருக்கின்றன. ஆனால் அது நீல ஒளியைத் தானே உறிஞ்சும், வெயிலில் நிறமிழக்கும், ஆகவே அந்தக் குறையையும் சேர்த்தே அளக்க வேண்டும். காஃபீனையும் தூய நிலையில் வாங்கி ஒப்பீட்டுக்கு வைக்கலாம். நைட்ரஜன் பெட்டி இல்லாத கல்லூரியில் முழுக் கலம் செய்து செயல்திறனை அளக்க முயல்வது காலவிரயம். வரும் எண்கள் கைப்பழக்கத்தைக் காட்டுமே தவிர வேதியியலைக் காட்டா. கண்ணாடியில் மெத்தில் அம்மோனியம் ஈய அயோடைடுப் படலம் மட்டும் செய்து, அது ஈரத்தில் எவ்வளவு விரைவாகச் சிதைகிறது என்று அளப்பது இந்த வசதிக்குள் நேர்மையாகச் செய்யக்கூடியது.

அதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் செறிவுற்ற சமையலுப்புக் கரைசல் இருந்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மெக்னீசியம் குளோரைடுக் கரைசல் என்றால் 33 சதவீதம். பொட்டாசியம் சல்ஃபேட் என்றால் 97. இந்த மூன்றிலும் ஒரே நாளில், ஒரே கரைசலிலிருந்து செய்த படலங்களை வைக்கச் சொல்லுங்கள்: சேர்க்கை இல்லாதது ஒன்று, வெவ்வேறு அளவில் சேர்த்தவை சில, ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள். சேர்க்கைப் பொருளைத் தனிக் கரைப்பானில் கரைத்துச் சேர்ப்பதானால், அந்தக் கரைப்பானை மட்டும் சேர்த்த படலமும் தவறாமல் இருக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஈய உப்பும் டைமெத்தில் ஃபார்மமைடும் நஞ்சு; டைமெத்தில் சல்ஃபாக்சைடு தோலுக்குள் தானும் ஊடுருவி, கரைந்திருப்பதையும் உள்ளே கொண்டுபோகும். கையுறையும் புகைபோக்கி அறையும் இல்லாமல் தொட வேண்டாம். கழுவிய நீர் தொட்டியில் போகக்கூடாது, தனிப் புட்டியில் சேர்த்து ஆபத்தான கழிவாக ஒப்படைக்க வேண்டும். படலத்தில் எந்தப் படிகம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவுக் கருவிக்கு அவற்றை அனுப்பினால், வரைபடத்தில் பெரோவ்ஸ்கைட்டின் முகடு 14.1 டிகிரிக் கோணத்துக்கு அருகிலும் சிதைந்து வந்த ஈய அயோடைடின் முகடு 12.7 டிகிரிக்கு அருகிலும் தெரியும். நாளாக ஆக முதலாவதோடு ஒப்பிடும்போது இரண்டாவது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதே அவளுடைய முடிவு. குர்குமின் சேர்த்த எல்லாப் பிரதிகளிலும் அந்த வளர்ச்சி மட்டுப்பட்டால், 75 சதவீத ஈரப்பதத்தில் படலத்தின் சிதைவு தாமதமாகிறது என்று எழுதலாம். மின்கலத்தின் செயல்திறன் கூடும் என்று அந்த அளவீட்டை வைத்து எழுதக்கூடாது.